எழுதாத மூன்று ராத்திரிகள்

அத்தியாயம் 14

அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்றைக்கு ஒரே ஒரு பகலின் கதைதான். காலை பஸ்ஸில் தொடங்கி, விளக்கு வைக்கிற நேரத்தில் முடிந்துவிடும். உங்களை அதிக நேரம் பிடித்து வைக்க மாட்டேன்.

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். மார்க்கையன்கோட்டைக்குத் தெற்கே, வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில், மாரியம்மன் திருவிழாவுக்குச் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினார்கள். முளைப்பாரி எடுப்பதாக நேர்ந்துகொண்டிருந்த சங்கிலியம்மாளும் மஞ்சள் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டாள். போன வருஷம் அவள் மகன் இனியன், ஏலத்தோட்டத்து ஆட்களோடு ஓட்டிப்போன ஜீப் கம்பம் மெட்டு மலைப்பாதையில் உருண்டும், வெறும் சிராய்ப்போடு எழுந்து வந்தான் இல்லையா, அதற்கான நேர்த்தி.

காப்புக் கட்டிய கை, அடுத்த புதன்கிழமை முளைப்பாரி கரைக்கிற வரைக்கும் ஊர் எல்லைக்கு வெளியே ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது. கட்டிய மறுநாளே சங்கிலியம்மாளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி, குளிர்க்காய்ச்சல். கணவர் அழகுமலை அவளைத் தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் கயலுக்குப் போன் போனது. விட்டது அங்கேதான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கயல் தேனியில் இறங்கினாள். கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை இருந்தது. அவள் கம்பெனி, ஊழியர்களுக்கும் அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும் சேர்த்து எடுத்திருந்த மருத்துவ இன்சூரன்ஸ் அட்டை. ராத்திரி முழுக்க அந்த அட்டை இருக்கிற தைரியத்தில்தான் அவள் தூங்கினாள்.

ஆஸ்பத்திரியில் வாசலுக்கு நேரே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வின்சென்ட் உட்கார்ந்திருந்தார். இன்சூரன்ஸ் காகிதங்களைப் பார்ப்பது அவர் வேலை.

"சங்கிலியம்மாள், வயசு ஐம்பத்திரண்டு. எந்த ரூம்?" என்றாள் கயல்.

வின்சென்ட் கம்ப்யூட்டரில் தேடினார். எழுத்தை மாற்றிப் போட்டுத் தேடினார். "அந்தப் பேர்ல யாரும் அட்மிஷன்ல இல்லையேம்மா."

"புதன்கிழமை சாயங்காலம் வந்தாக."

"புதன்கிழமைல இருந்து இன்னைக்கு வரைக்கும் பாத்துட்டேன். இல்ல."

ஆஸ்பத்திரியில் ஒரு பெயர் இல்லையென்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்கெல்லாம் தோன்றுமே, அதுதான் கயலுக்கும் தோன்றியது. அந்த நேரம் ஊசித் தட்டோடு போன நர்ஸ் ரீட்டா நின்று திரும்பினாள்.

"யாரு, காப்புக் கட்டுன அம்மாவா? அந்தா அந்தத் திரைக்குப் பின்னாடி இருக்காக. நேத்து என்னய ரெண்டு தடவ திட்டுனாக, நல்லாத்தான் இருக்காக."

அவசரப் பிரிவை ஒட்டி, பச்சைத் திரை போட்ட மூலையில் ஒரு கட்டில். அதற்கு நம்பர் கிடையாது. சங்கிலியம்மாள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு கையில் குளுக்கோஸ் ஊசி, இன்னொரு கையில் மஞ்சள் கயிறு. மகளைப் பார்த்ததும், "வந்துட்டியா ஆத்தா? இவுக என்னத்துக்கு உன்னயப் போட்டு அலைக்கழிக்கிறாக?" என்றாள். உதடு வெடித்திருந்தது.

பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பித்தப்பையில் கல். பை வீங்கிச் சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. மருந்தால் காய்ச்சல் இறங்கும், ஏறும், பை சரியாகாது. மதுரையிலிருந்து ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறார். "நாளைக்குக் காலையில எடுத்துறணும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள முறையா அட்மிஷன் போடுங்க. இதுக்கு மேல இப்படி வச்சிருக்க மாட்டேன்."

"இப்படின்னா எப்படி, மேடம்?"

டாக்டரம்மா அழகுமலையைப் பார்த்தார். அழகுமலை ஜன்னலைப் பார்த்தார்.

கயல் மறுபடி வின்சென்டிடம் போனாள். அவர் கட்டிலோடு இருந்த காகிதங்களை வாங்கிப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார். 'அட்மிஷனுக்கு நோயாளி தரப்பு சம்மதிக்கவில்லை. அப்சர்வேஷனில் வைக்கப்பட்டுள்ளார்.' கீழே அழகுமலையின் கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய அதே உருண்டை எழுத்தில்.

"அப்சர்வேஷன்னா சும்மா பாத்துக்கிட்டிருக்கோம்னு அர்த்தம்மா. வெளிநோயாளிக் கணக்கு. உங்க பாலிசியில, அட்மிஷன் போட்டு இருபத்து நாலு மணி நேரமாவது உள்ள இருந்தாத்தான் காசு குடுப்பாக."

"மூணு ராத்திரி இங்கனதான படுத்திருக்காக? குளுக்கோஸ் ஏத்தியிருக்கீங்க, ஊசி போட்டிருக்கீங்க."

"கட்டில்ல படுத்தது எனக்குத் தெரியும், சிஸ்டருக்குத் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் கட்டில வந்தா பாக்கப்போறான்? பேப்பரப் பாப்பான். பேப்பர்ல உங்கம்மா ஒரு ராத்திரிகூட இங்க தங்கல."

"புதன்கிழமையே அட்மிஷன்னு இப்ப மாத்தி எழுத முடியாதா?"

"டாக்டரம்மா தினமும் தேதி போட்டு எழுதியிருக்காக. மாத்துனா என் வேலையும் போகும், உங்க கிளெயிமும் போகும்." வின்சென்ட் குரலை இறக்கினார். "ஆனா ஒண்ணு. இன்னைக்கு அட்மிஷன் போட்டீங்கன்னா ஆபரேஷன் செலவு பூரா அதுல வந்துரும். அதே நோவுக்கு முன்னாடி முப்பது நாள்ல செஞ்ச செலவையும் பில்லு வச்சுக் கேக்கலாம். மூணு நாள் காசும் திரும்பி வர வழியிருக்கு. அஞ்சு மணிக்குள்ள நான் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பேக்ஸ் அனுப்பணும்."

கயல் தலையாட்டினாள்.

"இன்னொண்ணும் கேட்டுக்கங்க. இது நீங்க வேலையில இருக்கிற வரைக்கும் உள்ள பாலிசி. அம்மா டிஸ்சார்ஜ் ஆகுற அன்னைக்கு நீங்க அந்தக் கம்பெனி ஆளா இருக்கணும். அதெல்லாம் உங்களுக்கு என்ன, நிரந்தர வேலைதான?"

"ஆமா" என்றாள் கயல்.

அந்த 'ஆமா' முழு ஆமா இல்லை. அது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம். அமெரிக்காவில் பேங்குகள் விழுந்ததில் சென்னையில் கம்ப்யூட்டர் பிள்ளைகள் பலருக்கு வேலை இல்லாமல் சம்பளம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. கயல் அப்படி இரண்டு மாதமாகச் சும்மா உட்கார்ந்திருந்தாள். திங்கள்கிழமை காலை ஒன்பதரைக்குக் கம்பெனிக்குள்ளேயே வேறொரு வேலைக்கு ஒரு நேர்முகத் தேர்வு. அதில் எடுத்துக்கொண்டால் வேலை நிலைக்கும். போகாமல் விட்டால் வேலையை விட்டு நீக்கிக் கடிதம் வரும் என்று நேராகவே சொல்லியிருந்தார்கள். ஞாயிறு ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது.

அப்பாவை வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போனாள்.

"என்னப்பா எழுதிக் குடுத்தீங்க?"

அழகுமலை டீயை ஊதினார். குடிக்கவில்லை. "ஆஸ்பத்திரி வாசல்லயே உங்கம்மா ஆட்டோவப் பிடிச்சுக்கிட்டா. எறங்க மாட்டேங்குறா. காப்புக் கையோட வெளியூர்ல தங்குனா பிள்ளைக்கு ஆகாதுன்னு ஒரே பிடி. ஒடம்பு அனலாக் கொதிக்குது. நான் என்ன செய்வேன்? அட்மிஷன்னு எழுதுனாத்தான் தங்குறதா அர்த்தம், எழுதாம படுத்துக்கிட்டா பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருக்கிற மாதிரிதான், மாரியாத்தா கோவிக்க மாட்டான்னு சொன்னேன்."

"அம்மா நம்புனாகளா?"

"நம்புனா. ராத்திரிக்கு ராத்திரி 'எழுதலயே, எழுதலயே'ன்னு நர்சம்மாகிட்டக் கேப்பா. அந்தப் பிள்ள இல்லம்மான்னு சொன்ன பெறகுதான் கண்ண மூடுவா."

"இப்ப எழுதணுமேப்பா."

"அதத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். வாழை வெட்டுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. இனியன் ஜீப்பு எடுத்த கடனே கழுத்த நெரிக்குது. இந்த அட்டைய நம்பித்தான் இந்த ஆஸ்பத்திரிக்கே வந்தேன்." அவர் டீயைக் கீழே ஊற்றிவிட்டு டம்ளரை வைத்தார். "நீயே சொல்லு அவகிட்ட. நான் சொன்னா இனி எதையும் நம்ப மாட்டா."

கயல் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, நீ இங்க தங்குனதா பேப்பர்ல இல்ல. அதனால இன்சூரன்ஸ்காரங்க காசு தர மாட்டாங்களாம்."

சங்கிலியம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. வலியோடு எழுந்துகூட உட்கார்ந்தாள்.

"யாரு சொன்னா?"

"கம்பெனிக்காரங்க."

"அம்புட்டுப் பெரிய கம்பெனியே சொல்லிருச்சா, நான் இங்கன தங்கலன்னு? அப்ப உங்கப்பா சொன்னது நெசந்தான். நான்கூட மனுசன் வாய்க்கு வந்ததச் சொல்றாரோன்னு நெனச்சேன்."

அழகுமலை கட்டில் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"அம்மா, நாளைக்கு ஆபரேஷன். இன்னைக்கு அட்மிஷன் போட்டே ஆகணும்."

"புதன்கெழம முளைப்பாரி கரைச்சுட்டு, வியாழக்கெழம நானா வந்து படுத்துக்கிறேன். எழுதச் சொல்லு, பக்கம் பக்கமா எழுதச் சொல்லு."

"அது வரைக்கும் தாங்காதாம்."

"எனக்குத் தாங்கும். உன் தம்பி தெனம் அந்த மெட்டுல ஏறி எறங்குறான். நான் வாக்குத் தவறி, நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா? நீ வந்து பதில் சொல்லுவியா?"

சொல்லி முடிப்பதற்குள் வலி வந்தது. சுருண்டு படுத்தாள். ரீட்டா ஓடிவந்து நாடி பிடித்தாள், தெர்மாமீட்டர் வைத்தாள். மறுபடி காய்ச்சல், நூற்று மூன்று. ரீட்டா கயலை ஒருமுறை பார்த்தாள். பிறகு துணியை நனைத்து சங்கிலியம்மாளின் நெற்றியில் போட்டாள்.

கயல் வராந்தாவுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள். "இனியா, கோயில்ல பூசாரி தவசித் தாத்தா இருக்காரா? கையோட கூட்டிட்டு வா."

"திருவிழா நேரத்துல வருவாரா?"

"வரலன்னா தூக்கிட்டு வா."

மூன்றே முக்காலுக்கு ஜீப் வந்து நின்றது. தவசி இறங்கினார். எழுபது வயது, ஈர வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கக்கத்தில் ஒரு துணிப்பை. வரும்போதே திட்டிக்கொண்டு வந்தார்.

"கோயில்ல சனம் காத்துக் கெடக்கு. இவன் ஓட்டுற ஓட்டுக்கு எனக்கே ஒரு நேர்த்தி வைக்கணும் போல இருக்கு. ஏப்பா அழகுமல, என்னமோ எழுதாம தங்குனீகளாமே?"

"இல்ல மாமா, அது வந்து..."

"ஆத்தா என்ன ஆபீசுலயா உக்காந்திருக்கா, பேப்பரப் பாத்துட்டு வரவு வைக்கிறதுக்கு? அவ படுத்த எடத்தப் பாப்பா. மூணு ராத்திரி உம்பொண்டாட்டி இந்தக் கட்டில்லதான் படுத்திருக்கா. அவளுக்குத் தெரியாதா?"

திரைக்குள்ளிருந்து சங்கிலியம்மாள் விசும்புகிற சத்தம் கேட்டது. தவசி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். அவளைப் பார்த்ததும் குரல் தணிந்தது.

"என்ன தாயி, இப்படிக் கெடக்க?"

"தப்புப் பண்ணிட்டேனே சித்தப்பா. மூணு ராத்திரி..."

"நீ பண்ணல. நோவுல கெடக்கிறவகிட்டப் பொய் சொல்லித் தங்க வச்சவன்ல பண்ணினான்? மூணு ராத்திரிக்கும் சேத்து அவன் இந்தத் தடவ கையில நெருப்போட பூச்சட்டி எடுக்கட்டும். பொய் சொன்ன ஆளு கைதான சுடணும்?"

"எடுக்குறேன் மாமா" என்றார் அழகுமலை உடனே. மூன்று நாளில் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"சரி, இனிமேப்பட்டதப் பேசுவோம். ஒடம்புக்கு முடியாதவக காப்ப இறக்கலாம். ஆனா கயிறு சும்மா கீழ எறங்கக் கூடாது. அந்த வீட்டு ஆளு ஒருத்தர் கைக்குப் போகணும். போன நிமிசத்துல இருந்து எல்லா விரதமும் அந்தக் கைக்குத்தான். புதன்கெழம வரைக்கும் விளக்கு வைக்கிறதுக்குள்ள ஊருக்குள்ள இருக்கணும்."

இனியன் கையை நீட்டினான்.

"மடக்குலே. நீ பகல்ல கேரளாவுல இருக்க, ராத்திரி எங்கன இருப்பன்னு ஒனக்கே தெரியாது. அதுபோக, முளைப்பாரிக்குத் தண்ணி ஊத்துறது பொம்பளைக கை." அவர் கயலைப் பார்த்தார். "கல்யாணம் முடியல. இன்னும் இந்த வீட்டு ஆளுதான்."

"அவ வேணாம்" என்றாள் சங்கிலியம்மாள். "நாளைக்கு ராத்திரி பஸ்ஸு அவளுக்கு. வேலைக்குப் போற பிள்ள."

எல்லாரும் கயலைப் பார்த்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் நாலேகால். கண்ணாடிக்குப் பின்னால் வின்சென்ட் ஃபாரத்தோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார். அட்மிஷன் போட்டால் இன்சூரன்ஸ் வரும். அட்மிஷன் போடக் காப்பு இறங்க வேண்டும். காப்பு அவள் கைக்கு வந்தால் திங்கள்கிழமை சென்னை கிடையாது. சென்னைக்குப் போகாவிட்டால் வேலை கிடையாது. வேலை இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கிடையாது. கயல் இதை ஒருமுறை மனதுக்குள் முன்னாலிருந்து ஓட்டினாள், ஒருமுறை பின்னாலிருந்து ஓட்டினாள். இரண்டு பக்கமும் அம்மாதான் படுத்திருந்தாள்.

"லீவு சொல்லிக்கலாம்மா" என்று சொல்லிக் கையை நீட்டினாள்.

முடிச்சு மூன்று நாள் ஈரத்தில் இறுகிக் கிடந்தது. ரீட்டா கத்திரிக்கோலை எடுத்தாள். "இரும்பு படக் கூடாது தாயி" என்றார் தவசி. ரீட்டா கத்திரியைத் தட்டில் போட்டுவிட்டுக் குனிந்து நகத்தால் நெம்பினாள்.

"எங்க ஊர்லயும் சப்பரம் தூக்குறவக இப்படித்தான் விரதமா இருப்பாக. எங்கப்பா பத்து நாளு செருப்புப் போட மாட்டாரு" என்றாள் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். கயிறு அவிழ்ந்தது. தவசி அதைக் கீழே விடாமல் வாங்கி, கயலின் மணிக்கட்டில் சுற்றி, வாய்க்குள் ஏதோ சொல்லி முடிந்தார்.

நாலு இருபத்தைந்துக்குச் சங்கிலியம்மாள் அட்மிஷன் ஆனாள். இரண்டாம் மாடி, பன்னிரண்டாம் நம்பர் கட்டில். வின்சென்ட் நாலு ஐம்பதுக்குப் பேக்ஸை அனுப்பினார். ஆபரேஷன் சம்மதக் காகிதத்தில் அழகுமலை கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் கயலுக்கு இன்னொன்று உறைத்தது. அம்மாவோடு இந்த ராத்திரி அவளால் இருக்க முடியாது.

"நீ கெளம்பு, வெளக்கு வச்சுருவாக" என்றாள் சங்கிலியம்மாள். கயிறு இல்லாத கையைப் போர்வைக்குள் வைத்திருந்தாள். "முளைப்பாரிக்கு மேலாகத் தெளிச்சு ஊத்து. அடியில தண்ணி நிக்கப்படாது. உள்ள நிக்கும்போது வாயத் தெறக்கப்படாது, கேட்டியா?"

"காலைல விடிஞ்சதும் ஓடி வாரேன்மா. ஆபரேஷனுக்கு முன்னாடி வந்துருவேன்."

"வராட்டியும் பரவால்ல. முளைப்பாரி வாடாமப் பாத்துக்க."

கயலையும் தவசியையும் ஏற்றிக்கொண்டு போன ஜீப் சின்னமனூரைத் தாண்டும்போது அப்பா போனில் கூப்பிட்டார். பேக்ஸுக்குப் பதில் வந்துவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது. "அட்டைய நீட்டுனதும் ஆளுக மரியாதையே மாறிப்போச்சு ஆத்தா" என்றார்.

ஊர் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் போன் மறுபடி அடித்தது. சென்னை நம்பர், அவள் கம்பெனியிலிருந்து.

"கயல், மண்டே ஒன்பதரைக்கு கன்ஃபர்ம் பண்ணிக்கலாமா?"

"திங்கள்கிழமை வர முடியாது சார். வியாழக்கிழமை காலையில வந்துடறேன். அம்மாவுக்கு ஆபரேஷன்."

"ஆஸ்பிடல்ல கூட இருக்க வேற யாரும் இல்லையா?"

"இருக்காங்க. நான் இருக்க வேண்டியது ஆஸ்பத்திரியில இல்ல சார், ஊர்ல."

"எனக்குப் புரியல. லிஸ்ட் இன்னைக்கே முடிவாகணும். மேனேஜர்கிட்டக் கேட்டுட்டுப் பத்து நிமிஷத்துல கூப்பிடறேன். கண்டிப்பா எடுங்க."

ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த இனியன் திரும்பிப் பார்த்தான். "என்னக்கா லிஸ்ட்டு?"

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள் கயல்.

ஊர் முளைப்பாரியை எல்லாம் ஒன்றாக வைத்து வளர்க்கிற வீட்டு வாசலில் பெண்கள் குடத்தோடு காத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரி ஜக்கம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்துக் கால் கழுவச் சொன்னாள். "போனெல்லாம் உள்ள ஆகாது, இங்கன வச்சுட்டுப் போ" என்று நிலைப்படிக்கு வெளியே கை காட்டினாள். கயல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே வெளிச்சம் இல்லை. வரிசையாக முளைப்பாரி வளர்க்கிற மண் ஓடுகள். அவற்றில் வெயில் படாத பயிர், வெளிர் மஞ்சளாய் நெருக்கமாய் நின்றது. மூன்றாவது ஓடு அம்மாவுடையது. கயல் உள்ளங்கையில் நீரை அள்ளி மேலாகத் தெளித்தாள்.

வெளியே போன் அடித்தது.

அடித்து நின்றது. மறுபடி அடித்தது. யாரோ ஒரு பெண், "கயலு, ஒனக்குத்தான்" என்று குரல் கொடுத்தாள். கயல் வாயைத் திறக்கவில்லை. இன்னும் பாதி ஓட்டுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது. கையை மறுபடி குடத்துக்குள் விட்டாள்.

நீங்களும் எழுந்திருங்கள் கண்ணுகளா, விளக்கு வைக்கிற நேரம் ஆயிற்று. உங்கள் வீட்டில் நோவு என்று ஒருவரும் படுக்காமல் இருக்கட்டும். படுத்தாலும் பக்கத்தில் ஓடிவர ஒரு பிள்ளை இருக்கட்டும். வெளியே போனவர்கள் விளக்கு வைப்பதற்குள் வீடு வந்து சேரட்டும். நீங்கள் விதைத்த பயிர் வாடாமல் நிற்கட்டும்.